'அவசரம் லேது' என்றால் என்ன பொருள்? பல நாட்டு ஆங்கிலத்தோடு பழகுவோருக்கு ஒரு கையேடு

ஓசூருக்குப் புதிதாகக் குடிவந்த என் நண்பர் ஒருவர், மாடியிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் அழைத்து வரட்டுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டார். தெலுங்கு பேசும் வீட்டுக்காரர் 'அவசரம் லேது' என்று புன்னகையோடு சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவசரமில்லை என்றால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணிய நண்பர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு ஆட்களோடும் பிளீச்சிங் பவுடரோடும் மாடியேறினார். தெலுங்கில் 'அவசரம்' என்பது தேவையைக் குறிக்கும் சொல். வீட்டுக்காரர் சொன்னது 'தேவையே இல்லை' என்பதுதான், ஏனெனில் நண்பர் கேட்பதற்கு இரண்டு நாள் முன்புதான் தொட்டி கழுவப்பட்டிருந்தது. அதே தெருவில் கன்னடம் பேசும் குடும்பத்தில் அந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் நம்மைப் போலவே விரைவு என்ற பொருளில்தான் சொல்லியிருப்பார்கள்.

நண்பர் ஏமாந்ததற்குக் காரணம் அவருக்குத் தெலுங்கு தெரியாதது அன்று. அந்தச் சொல் அவருக்குத் தெரிந்த சொல்லைப் போலவே இருந்ததுதான் காரணம். முற்றிலும் புரியாத ஒரு சொல் காதில் விழுந்திருந்தால், 'என்ன சொல்றீங்கண்ணா?' என்று அங்கேயே கேட்டிருப்பார். ஆங்கிலம் பேசும் நாட்டினர் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டு படும் பாட்டுக்கும் இதுவே வேர். எனவே இந்தக் கையேட்டில் அகராதியைப் புரட்டினால் கிடைத்துவிடும் விசித்திரச் சொற்களுக்கு நான் அதிக இடம் தரப்போவதில்லை. பள்ளிக்கூடத்திலேயே நாம் கற்றுவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கும் சாதாரணச் சொற்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இனி யாரும் கேட்க முடியாது. ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் வெளிநாட்டுப் பொறியாளர்கள் வந்துபோகிறார்கள். ரோஜாவும் கருங்கல்லும் மாங்கூழும் இங்கிருந்து கப்பலிலும் விமானத்திலும் போகின்றன. பாலக்கோட்டிலும் ஊத்தங்கரையிலும் இருக்கிற வீடுகளுக்கு மெல்போர்னிலிருந்தும் டப்ளினிலிருந்தும் பிள்ளைகளின் அழைப்பு வருகிறது. நாம் கற்ற ஆங்கிலம் பிரிட்டிஷ் பாடநூலிலிருந்து வந்தது, காதில் விழும் ஆங்கிலம் பெரும்பாலும் அமெரிக்கத் திரையிலிருந்து வருகிறது, வாயில் வருவதோ நாமே இங்கு வளர்த்த ஆங்கிலம். இம்மூன்றையும் ஒன்றென்று நம்பும்போதுதான் வேடிக்கை தொடங்குகிறது.

அளவைச் சொல்லும் சொற்கள்

கிருஷ்ணகிரிக்கு அருகே ஒரு மாங்கூழ் ஆலையில் ஏற்றுமதிக் கடிதப் போக்குவரத்தைப் பல ஆண்டுகள் நான் கவனித்து வந்தேன். பணியில் சேர்ந்த முதல் பருவத்தில், பெங்களூரா மாம்பழக் கூழின் மாதிரிகளை இங்கிலாந்திலிருந்த ஒரு கொள்முதலாளருக்கு அனுப்பியிருந்தோம். அவரிடமிருந்து 'குவைட் குட்' என்று பதில் வந்தது. 'குவைட்' என்றால் 'மிகவும்' என்று படித்திருந்த நான், மேலாளரிடம் ஓடிப்போய்ச் சொல்லி, அன்று மாலை அலுவலகத்துக்கே பஜ்ஜியும் தேநீரும் வரவழைத்துவிட்டேன். ஆர்டர் வரவே இல்லை. பிரிட்டனில் ஒருவர் எழுத்தில் 'குவைட் குட்' என்று எழுதினால், பெரும்பாலும் 'ஏதோ இருக்கிறது, பரவாயில்லை' என்ற அளவுக்குத்தான் அதற்குப் பொருள் என்பதையும், அதே சொற்களை ஓர் அமெரிக்கர் எழுதியிருந்தால் என் பஜ்ஜிக்கு நியாயம் இருந்திருக்கும் என்பதையும் பிறகே அறிந்தேன்.

இதற்கு நேர் எதிராக, ஓர் ஆங்கிலேயர் 'நாட் பேட்' என்று சொன்னால் முகம் வாட வேண்டியதில்லை. மோசமில்லை என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அது குறை கூறுவதுபோல் தோன்றும். ஆனால் நம் ஊரில் மாமியார் மருமகளின் குழம்பை ஒரு வாய் சுவைத்துவிட்டு 'பரவாயில்லையே!' என்று கடைசி எழுத்தை இழுத்துச் சொல்வாரே, அந்தப் பாராட்டுத்தான் பல வேளைகளில் அதில் ஒளிந்திருக்கும். 'பரவாயில்லை' என்பதையும் 'பரவாயில்லையே' என்பதையும் பிரித்தறியும் தமிழ்க் காதுக்கு ஆங்கிலேயரின் ஏற்ற இறக்கம் எட்டாத ஒன்றன்று. எழுத்தில் அந்தக் குரல் வராது என்பதுதான் சங்கடம்.

குறைத்துச் சொல்லும் இந்தப் பழக்கம் எப்போதும் சிரிப்பில் முடிவதில்லை. கொரியப் போரில், 1951 ஏப்ரலில், இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்றைச் சீனப் படைகள் பெருந்திரளாகத் தாக்கின. நிலைமை என்ன என்று அமெரிக்க மேஜர் ஜெனரல் ராபர்ட் சோல் கேட்டபோது, பிரிட்டிஷ் பிரிகேடியர் டாம் பிராடி 'கொஞ்சம் ஸ்டிக்கியாக இருக்கிறது' என்ற பொருளில் பதில் சொன்னார். பிரிட்டிஷ் படைக்காரர் காதுக்கு அது உயிர் போகிற நெருக்கடி. அமெரிக்கருக்கோ, சிரமம்தான், ஆனாலும் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று பட்டது. அந்தப் படைப்பிரிவில் இருந்த குளொஸ்டர்ஷயர் ரெஜிமென்டின் பட்டாலியன் சூழப்பட்டு, அதில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர் அல்லது சிறைப்பட்டனர். அந்த ஒரு சொல்லே அதற்கு முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அளவைச் சொல்லும் சொல்லை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வலிய சான்றை நான் கண்டதில்லை.

ஆகவே 'குவைட்', 'ஃபேர்லி', 'ரீசனபிள்', 'நாட் பேட்' போன்ற சொற்கள் வந்தால் அவற்றை எடைபோட முயலாமல், எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மாதிரி எப்படி இருக்கிறது என்று கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் அளவு 14 போதுமா, நிறம் ஏற்புடையதா, எத்தனை டிரம், எந்தத் தேதிக்குள் என்று கேட்கத் தொடங்கிய பிறகு, மறுமுனையில் இருப்பவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் ஒரே பொருள்தான் வந்தது.

நேரம், தேதி, கூட்டம்

'இதோ வந்துட்டேன்' என்று தருமபுரியில் ஒருவர் தொலைபேசியில் சொன்னால், அவர் இன்னும் வீட்டில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று நமக்குத் தெரியும். தென்னாப்பிரிக்கரின் 'ஜஸ்ட் நௌ' ஏறக்குறைய அந்த வகையைச் சேர்ந்தது. ஆங்கிலம் பேசும் மற்ற நாட்டவர் காதில் அது 'இப்போதே' என்றோ 'சற்று முன்' என்றோ ஒலிக்க, தென்னாப்பிரிக்காவில் 'பிறகு, எப்போதாவது' என்பதே பொருள். 'நௌ நௌ' என்று இரட்டித்துச் சொன்னால் அதைவிடச் சற்று விரைவில் நடக்கும். சொல்லை இரட்டித்து வேகத்தைக் கூட்டும் வழக்கம் 'சீக்கிரம் சீக்கிரம்' என்று பழகிய நமக்கு உடனே பிடிபட்டுவிடும். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் ஒருவர் 'ஜஸ்ட் நௌ' பணம் அனுப்புகிறேன் என்றால், வங்கிக் கணக்கை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அமெரிக்க விமானத்தில் 'மொமெண்டரிலி' தரையிறங்குவோம் என்று அறிவித்தால், இன்னும் சில நொடிகளில் இறங்குவோம் என்பது பொருள். பழைய வழக்கில் பழகிய ஆங்கிலேயருக்கோ அது 'ஒரு கணம் மட்டும் இறங்குவோம்' என்று கேட்கும். மூட்டையைத் தூக்கிக்கொண்டு குதிக்க நேரம் இருக்குமா என்று அவர்கள் கேலி செய்வார்கள். 'ஹாஃப் செவன்' என்று ஆங்கிலேயர் சொன்னால் நம் ஏழரைதான். ஆனால் ஜெர்மானியர் ஒருவர் தம் மொழி வழக்கை நினைத்து அதை ஆறரை என்று புரிந்துகொள்ளக்கூடும். ஓசூரில் ஓர் ஆலையில் ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் நாமும் ஒரே சிற்றுந்துக்காகக் காத்திருக்கும் காலையில், ஒருவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நிற்பது இதனால்தான்.

தேதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 3/4 என்பது நமக்கும் ஆங்கிலேயருக்கும் ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதுங்கள். நேரத்தோடு இந்திய நேரமா, அவர்கள் நேரமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கூட்டங்களில் எச்சரிக்கையோடு கேட்க வேண்டிய சொல் 'டேபிள்'. பிரிட்டனிலும் அதைப் பின்பற்றும் நம் சட்டமன்ற வழக்கிலும் ஒரு தாளை 'டேபிள்' செய்வதென்றால் அவை முன் வைத்து விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்காவில் அதே சொல் அதைக் கிடப்பில் போடுவதைக் குறிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் தளபதிகள் ஒரு தாளை அவசரமாக 'டேபிள்' செய்ய விரும்பினார்கள். அமெரிக்கத் தளபதிகளோ அது முக்கியமான தாள், அதை 'டேபிள்' செய்யவே கூடாது என்று வாதாடினார்கள். நீண்ட, கசப்பான சண்டைக்குப் பிறகுதான் இரு தரப்பும் விரும்பியது ஒன்றே என்று தெரியவந்தது என வின்ஸ்டன் சர்ச்சில் தம் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். இருவரும் ஒரே கருத்தைச் சொல்லிக்கொண்டே அடித்துக்கொள்ளும் காட்சி நம் ஊர்ப் பங்காளிச் சண்டைகளில் புதிதன்று. ஆனால் அதற்கு மொழிபெயர்ப்பாளர்கூடத் தேவைப்படாத இரண்டு படைகள் ஆளானதுதான் வேடிக்கை. ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்யலாம் என்று யாராவது சொன்னால், 'இன்றே பேசுவோமா, தள்ளிவைப்போமா?' என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

இடமும் வழியும்

வெளிநாட்டு விருந்தினரை அழைத்து வரப் பெங்களூருவுக்குக் கார் அனுப்புவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அமெரிக்கருக்கு 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்றால் நம் தரைத்தளம். முதல் மாடியில் கூட்டம் என்று நாம் எழுதினால் அவர் வரவேற்பறையிலேயே உட்கார்ந்திருப்பார். 'பேவ்மெண்ட்' நமக்கும் ஆங்கிலேயருக்கும் நடைபாதை, அமெரிக்கருக்குக் கார் ஓடும் தளம். பிள்ளைகளிடம் 'பேவ்மெண்டிலேயே நட' என்று ஆங்கிலேயர் சொல்வதைக் கேட்டால் அமெரிக்கருக்கு நெஞ்சு பதைக்கும். தென்னாப்பிரிக்கர் வழி சொல்லும்போது 'அடுத்த ரோபோ வரும், அங்கே இடப்பக்கம் திரும்புங்கள்' என்பார். அவர்கள் நாட்டில் போக்குவரத்து விளக்குக்கு அதுதான் பெயர். இயந்திர மனிதனைத் தேடிக்கொண்டு சந்திப்பைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

நம் ஓட்டுநர்கள் இயல்பாகச் சொல்லும் சில சொற்களும் வந்தவரைத் திகைக்க வைக்கும். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சூளகிரியைத் தாண்டும்போது 'பெட்ரோல் பங்க்கில் நிறுத்தலாமா?' என்று கேட்டால், 'பங்க்' என்றதும் ரயில் பெட்டியின் அடுக்குப் படுக்கையை நினைக்கும் ஆங்கிலேயர் பெட்ரோலுக்குப் படுக்கை எதற்கு என்று குழம்புவார். 'மிலிட்டரி ஹோட்டல்' என்ற பலகையைப் பார்த்தவர், ராணுவத்தினருக்கான விடுதியில் நம்மை விடுவார்களா என்று தயங்குவார். அங்கே பிரியாணியும் குடல் குழம்பும்தான் கிடைக்கும், அறை கிடைக்காது என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள், ஏனெனில் 'ஹோட்டல்' என்றால் அவர்களுக்குத் தங்குமிடம் மட்டுமே.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஸ்டெப்னி'. மாற்றுச் சக்கரத்துக்கு நம் ஊர் மெக்கானிக் சொல்லும் இந்தச் சொல் நமது உடைந்த ஆங்கிலம் என்று பலர் நினைத்து வெட்கப்படுகிறார்கள். உண்மையில் அது வேல்ஸ் நாட்டின் லனெத்லி நகரிலிருக்கும் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1900களின் தொடக்கத்தில் அங்கே டேவிஸ் சகோதரர்கள் தயாரித்த மாற்றுச் சக்கரம் உலகெங்கும் அந்தப் பெயரில் விற்றது. இன்று அச்சொல்லைச் சொன்னால் லண்டன்காரர் தம் ஊரின் ஒரு பகுதியை நினைப்பார், சக்கரத்தை நினைக்கமாட்டார். பிறந்த வீட்டில் மறந்துபோனதைப் புகுந்த வீடு காப்பாற்றி வைத்திருக்கிறது. வெட்கப்பட வேண்டாம், ஆனால் சாலையோரம் பஞ்சரான வண்டியின் அருகே நிற்கும்போது 'ஸ்பேர் வீல்' என்று சொல்வதே பயன்தரும். காரின் பின்பக்கச் சாமான் அறைக்கு நாம் 'டிக்கி', ஆங்கிலேயர் 'பூட்', அமெரிக்கர் 'டிரங்க்' என்பார்கள். தளிப் பக்கக் காட்டுச் சாலையில் அமெரிக்கர் திடீரென்று 'டிரங்க்!' என்று கத்தினால் அவர் பெட்டியைச் சொல்கிறாரா, யானையின் துதிக்கையைச் சொல்கிறாரா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சாப்பாடு

ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ குடியேறிய நம் பிள்ளைகளுக்கு முதல் விருந்து அழைப்பு வரும்போது, அதில் 'பிரிங் எ பிளேட்' என்று எழுதியிருப்பதைக் காண்பார்கள். பாவம், அவர்கள் வீட்டில் தட்டுக் குறைவு போலும் என்று எண்ணி, வெறும் தட்டைக் கழுவித் துடைத்து எடுத்துச்சென்று வாசலில் நின்று விழித்த குடியேறிகள் எத்தனையோ பேர். எல்லோரும் பகிர்ந்து உண்ண ஒரு பண்டம் சமைத்துக் கொண்டு வா என்பதுதான் அதன் பொருள். இதில் ஏமாற நமக்கு உண்மையில் காரணமே இல்லை. 'தட்டு எடுத்துக்கிட்டு வந்துடுங்க' என்று பெண் வீட்டார் சொன்னால், சீர்வரிசைத் தட்டில் பழமும் பூவும் இல்லாமல் வெறுந்தட்டோடு போகிற மாமன் எந்த ஊரில் இருக்கிறார்? தமிழில் நினைத்திருந்தால் புரிந்திருக்கும் ஒன்றை, ஆங்கிலத்தில் அகராதிப் பொருளைப் பிடித்துக்கொண்டு கோட்டைவிடுகிறோம்.

வட இங்கிலாந்தில் 'டீ'க்கு வாருங்கள் என்று அழைத்தால் பல வீடுகளில் அது மாலை உணவு. வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போனால் விருந்தளிப்பவர் மனம் வருந்தும். அமெரிக்க உணவுப் பட்டியலில் 'ஆந்த்ரே' என்பது முதன்மை உணவு, ஆஸ்திரேலியப் பட்டியலில் தொடக்க உணவு. அதை மட்டும் வாங்கிக்கொண்டு காத்திருந்தால் சிட்னியில் பசியோடுதான் திரும்ப வேண்டும். 'லெமனேட்' கேட்டால் அமெரிக்காவில் எலுமிச்சைச் சாறும், பிரிட்டனில் நுரைக்கும் பானமும் வரும். ஒரு சிறு ஆறுதல்: நாம் 'கூல் டிரிங்ஸ்' என்று சொல்வதைக் கேட்டு உலகின் பெரும்பகுதி விழித்தாலும், தென்னாப்பிரிக்கர் விழிக்கமாட்டார். அங்கேயும் அதே சொல்தான்.

உடையும் கூச்சமும்

இந்தப் பகுதியை வளர்ந்த பிள்ளைகளிடம் பெற்றோர் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 'பேண்ட்ஸ்' என்பது உள்ளாடை. மழையில் நனைந்து அலுவலகத்துக்குள் நுழைந்து 'என் பேண்ட்ஸ் நனைந்துவிட்டது' என்று அறிவித்தால் அறை அமைதியாகிவிடும். 'டிரௌசர்ஸ்' என்று சொல்லுங்கள். 'வெஸ்ட்' என்று ஆங்கிலேயர் சொன்னால் நம் பனியன், அமெரிக்கர் சொன்னால் கோட்டுக்குள் அணியும் கையில்லாத மேலாடை. ஆஸ்திரேலியர் கடற்கரைக்கு 'தாங்ஸ்' போட்டுக்கொண்டு வாருங்கள் என்றால் ரப்பர் செருப்பைத்தான் சொல்கிறார். மற்ற நாட்டவருக்கு அது மிகச் சிறிய ஓர் உள்ளாடை.

அந்த 'ரப்பர்' என்ற சொல்லும் தனியாக எச்சரிக்கத்தக்கது. பென்சில் எழுத்தை அழிப்பதற்கு நாமும் ஆங்கிலேயரும் சொல்லும் இச்சொல், அமெரிக்காவில் ஆணுறையின் பேச்சுவழக்குப் பெயர். அங்கே தேர்வுக் கூடத்தில் பக்கத்து மாணவியிடம் அதைக் கேட்பதற்கு முன் 'இரேசர்' என்ற சொல்லை வாயில் பழக்கிவிட்டுப் போங்கள். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று: ஆஸ்திரேலியர் ஓர் அணிக்கு 'பேரக்' செய்கிறேன் என்றால் ஆதரிக்கிறார், ஆங்கிலேயர் அச்சொல்லைச் சொன்னால் கூச்சலிட்டு எதிர்க்கிறார். அமெரிக்கர்கள் ஆதரவுக்குச் சொல்லும் 'ரூட்' என்ற சொல் ஆஸ்திரேலியாவில் படுக்கையறைச் சொல் என்பதால் மெல்போர்ன் மைதானத்தில் அதை உரக்கச் சொல்ல வேண்டாம்.

நம் மணமகள் தேவை விளம்பரங்களில் விளங்கும் 'ஹோம்லி' என்ற சொல் குடும்பப்பாங்கானவர் என்று புகழ்வது. பிரிட்டனில் அது வீட்டின் இதத்தைச் சொல்லும். அமெரிக்காவில் அழகில்லாதவர் என்று பொருள்படும். அமெரிக்க மாப்பிள்ளைக்கு அனுப்பும் குறிப்பில் பெண்ணின் அப்பா பெருமையோடு இதை எழுதுவதற்கு முன் யாராவது அவர் கையைப் பிடிக்க வேண்டும்.

இத்தகைய சொற்களின் ஆபத்தை அரசாங்கங்களே உணர்ந்திருக்கின்றன. பிரிட்டனுக்கு வரும் தம் வீரர்களுக்கு அமெரிக்கப் போர்த்துறை 1942இல் ஒரு சிறு கையேடு அச்சிட்டது. நான் நாடோடிபோல் கந்தலாக இருக்கிறேன் என்ற பொருளில் 'பம்' என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள், பிரிட்டனில் அது உங்கள் பின்புறத்தைக் குறிக்கும் என்று அதில் எச்சரித்தார்கள். ஆகவே நீங்கள் ஒரு சொல்லைச் சொல்லி, கூட்டத்தில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டால், அங்கேயே விளக்கம் கேட்காதீர்கள். அவர்களில் நட்பாக இருப்பவரைப் பிறகு தனியே கேளுங்கள். பிறர் இப்படித் தவறும்போது உங்கள் முகத்தை அசையாமல் வைத்துக்கொள்வதும் அதே அளவுக்கு முக்கியம்.

நம்மால் பிறர் குழம்புவது

'என் மகன் 2019இல் பாஸ்ட் அவுட்' என்று ஒரு தந்தை பெருமிதத்தோடு சொன்னால், கேட்கும் ஆங்கிலேயர் கவலையோடு 'இப்போது நலமா?' என்று விசாரிப்பார், ஏனெனில் அவர் காதில் விழுந்தது மயங்கி விழுந்தான் என்பது. 'கிராஜுவேட்டட்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். 'பேக்சைடு வழியாக வாருங்கள்' என்று ஆலையின் பின்வாசலைக் காட்டுவதும் வேண்டாம், அவர்களுக்கு அது உடலின் பின்புறம். 'எனக்கு ஒரு டௌட்' என்று நாம் கேட்பது விளக்கம் வேண்டி. அவர்களுக்கோ, நீ சொல்வதை நான் நம்பவில்லை என்று கேட்கும். 'ரிவர்ட்' என்று எழுதினால் பதில் அனுப்புவதாக நாம் நினைக்க, பழைய நிலைக்குத் திரும்புவதாக அவர்கள் நினைப்பார்கள். விலை பேசும் கடிதத்தில் இது வேடிக்கையோடு நிற்காது. பழைய விலைக்கே ஒப்புக்கொண்டதாக ஒருமுறை எங்களுக்கு நன்றிக் கடிதமே வந்தது. லட்சத்தையும் கோடியையும் மில்லியனாக்கிவிடுங்கள்: 10 லட்சம் ஒரு மில்லியன், 1 கோடி 10 மில்லியன்.

எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளச் சொல்லமாட்டேன். தேதியை முன்னுக்குக் கொண்டுவருவதைச் சொல்லும் 'பிரீபோன்' அழகான, சிக்கனமான சொல். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் அது ஏறியிருக்கிறது. முதல்முறை கேட்கும் அமெரிக்கர் சிரிப்பார், இரண்டாம் முறை அவரே பயன்படுத்துவார். குழப்பம் தரும் சொல்லை மாற்றுங்கள், வெறுமனே சிரிப்பு மூட்டும் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கணக்கு.

அந்த நேரத்தில் என்ன செய்வது

கேட்டதை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்வதுதான் இருக்கிற வழிகளிலேயே எளியது. 'அப்படியானால் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, தரைத்தளத்தில், சரிதானே?' என்று சொன்னால் பாதிப் பிழைகள் அங்கேயே உதிர்ந்துவிடும். அதே சொல்லைத் திருப்பிச் சொல்லாதீர்கள்: 'டேபிள் செய்வோமா?' என்று அவர் கேட்க, 'டேபிள் செய்வோம்' என்று நாம் சொன்னால், இருவரும் மகிழ்ச்சியாக இரு திசையில் போவோம். தொலைபேசிப் பேச்சு முடிந்ததும் இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் கேள்வி கேட்டால் நம் ஆங்கிலம் மட்டம் என்று நினைப்பார்களோ என்ற தயக்கம் வேண்டாம். இதே குழப்பத்தை ஸ்காட்லாந்துக்காரரிடமும் டெக்சஸ்காரரிடமும் தினமும் அனுபவிப்பவர்கள்தான் அவர்கள்.

கேள்வி போலவே இருந்தும் கேள்வியாக இல்லாதவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். ஆங்கிலேயர் 'யூ ஆல்ரைட்?' என்று கேட்டால் உங்கள் சர்க்கரை அளவைச் சொல்லத் தேவையில்லை. என் முகம் அவ்வளவு வாடியிருக்கிறதா என்று அமெரிக்கர்கள் திடுக்கிடுவார்கள், ஆனால் நம் ஊரில் வழியில் பார்ப்பவர் 'சாப்டாச்சா?' என்று கேட்பதன் அண்ணன் தம்பிதான் அது. 'ஆச்சு' என்பதற்கு நிகரான ஒரு சொல்லோடு நடையைக் கட்டலாம்.

ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். சொல், சொன்னவர் எந்த நாட்டவர், நான் நினைத்தது, அவர் நினைத்தது என்று நான்கு கட்டங்கள் போதும். நாட்டை எழுத மறக்காதீர்கள், ஏனெனில் நாடு தெரியாவிட்டால் அந்தக் குறிப்பே அடுத்த பிழைக்கு வித்தாகிவிடும். என் குறிப்பேட்டின் முதல் வரி 'குவைட் குட்'. அதற்கு எதிரே பஜ்ஜிச் செலவு 180 ரூபாய் என்று எழுதியிருக்கிறேன்.

ஆலைக்கு வந்த ஆங்கிலேயக் கொள்முதலாளர் ஒருவரும் இப்படி ஒரு சிறு புத்தகம் வைத்திருந்தார். கடைசி நாள் மாலை, எங்கள் கணக்கர் வீட்டுக்குக் கிளம்பும்போது, 'போயிட்டு வரேன்' என்பதை மரியாதையாக ஆங்கிலமாக்கி, 'சார், ஐ வில் கோ அண்ட் கம்' என்று கைகூப்பிவிட்டுப் போனார். இரவு எட்டு மணிக்குக் காவலாளி என்னைத் தொலைபேசியில் அழைத்து, 'அண்ணா, வெள்ளைக்காரர் இன்னும் ஆபீஸ்லயேதான் இருக்கார், கணக்கர் சார் வர்றேன்னு சொன்னாராம்' என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் மேசை விளக்கின் கீழே, ஆறிப்போன தேநீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார். நான் விளக்கியதும் தலையிலடித்துச் சிரித்து, பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, எழுத்துக்கூட்டச் சொல்லி எழுதிக்கொண்டார்.